ஒரே “பொனொ”, ஐந்து இடத்தில் ஐந்து பொருள்: சப்டைட்டில் போட உதவி வேண்டும்

கடலோரம், ராயபுரம்

காசிமேட்டில் ஒரு படிப்பகத்தில் திரையிட, ஹவாய்த் தீவு மீனவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் தயாராகிறது. ஹவாய் மொழியில் பேசும் இடங்களில் “பொனொ” என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில சப்டைட்டிலில் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நாங்கள் எல்லா இடத்திலும் “அறம்” என்று போட்டோம். இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டோம். படகில் ஒருவர் எதையோ தேடிக்கொண்டே “அறம் எங்கே?” என்று கேட்பதாக வருகிறது.

சிக்கலான வரிகள்:

1. எ லவய்‘அ பொனொ காக்கொவ்.
2. அய்அ இ ஹெஅ நா பொனொ லவய்‘அ?
3. பொனொ காக்கொவ் எ மாலம இ கெ கய்.
4. கொன வ‘அ பொனொ‘ஈ.
5. உஅ மவு கெ எஅ ஒ க ‘ஆய்ன இ க பொனொ.

பார்க்க வருகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வாயில் புழங்கும் சொல்லாக இருந்தால் நல்லது.

சொல்லாய்வு, பழைய வண்ணாரப்பேட்டை

ஒரே தமிழ்ச்சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டினால் இப்படித்தான் உடையும். இந்தச் சொல்லின் பொருள் அது வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. முதலில் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

1, 2 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொற்கள் அவையேதான், வரிசைதான் புரண்டிருக்கிறது. தமிழில் அடைமொழி முன்னால் வரும், “பெரிய வீடு” என்போம். ஹவாய் மொழியில் தலைச்சொல் முதலில் வரும், அடை பின்னால் வரும்: “ஹலெ நுய்”, அதாவது வீடு-பெரிய. “லவய்‘அ” என்றால் மீன் பிடிப்பது, மீன் பிடிப்பவர். ஆகவே “லவய்‘அ பொனொ” என்பது சரியான முறையில் மீன் பிடிப்பது. “பொனொ லவய்‘அ” என்பதில் பொனொதான் தலைச்சொல். அங்கே அதற்குச் சாமான், உடைமை, கருவி என்று பொருள். “பொனொ ஹன” என்றால் வேலைக்கான கருவி. உங்கள் ஆள் படகில் தேடுவது மீன்பிடி சாமானை. முன்னால் நிற்கும் “நா” பன்மைக்குறி, அதுவே அங்கே இருப்பது பெயர்ச்சொல் என்று காட்டிக்கொடுக்கிறது. தமிழ்க் காது முதலில் வருவதை அடையாக எடுத்துக்கொள்வதால் இந்த இரண்டும்தான் அதிகம் மாறிப்போகும்.

மூன்றில் பொனொ வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. பின்னால் ஆள், அதற்குப் பின் “எ” சேர்ந்த வினை. இந்த அமைப்பு வந்தால் “வேண்டும்” என்று எடுங்கள், அறமெல்லாம் வேண்டாம்: “கடலை நாம் பாதுகாக்க வேண்டும்.”

நான்கில் “‘ஈ” ஒட்டியிருக்கிறது, அதனால் சொந்தம் என்ற பொருள்: “அவருடைய சொந்தப் படகு.” “வ‘அ” என்பது பக்கமிதவை கட்டிய அவர்களுடைய ஓடம். திரையில் ஓடமே தெரிவதால் “படகு” போதும்.

வினைக்குப் பின்னால் தனியாக வந்தால் கவனமாக, ஒழுங்காக என்று பொருள். “எ நானா பொனொ” என்றால் கவனமாகப் பார். படத்தில் இதுவும் வரக்கூடும்.

தீவுமொழி, பெரம்பூர்

சொல்லாய்வு அண்ணன் சொன்னதோடு ஒன்று. “காக்கொவ்” என்பதை “நாங்கள்” என்று போட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பவர்கள் தவறுவது இங்கேதான், ஆங்கிலத்துக்கு நாம்/நாங்கள் வேறுபாடு கிடையாது. ஹவாய் மொழிக்கு உண்டு, நம்மைவிட நுணுக்கமாகவே உண்டு. கேட்பவரையும் சேர்த்து மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் காக்கொவ். கேட்பவரை விட்டுவிட்டால் மாக்கொவ். இருவர் மட்டும் என்றால் காவுஅ, மாவுஅ என்று தனியாக இருக்கிறது. முதல் வரியும் மூன்றாவது வரியும் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசுகின்றன. “நாம்” என்று போட்டால்தான் அந்த அழைப்பு காசிமேட்டுக்காரர்களையும் தொடும்.

ஐந்தாவது வரிக்கு “அறம்” பொருந்தும், மாற்ற வேண்டாம். அது ஹவாய் மாநிலத்தின் குறிக்கோள் வாசகம். 1843 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் கப்பல் தலைவர் தீவுகளைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 31 அன்று, அட்மிரல் தாமஸ் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மூன்றாம் கமேஹமேஹா அரசர் சொன்னதாக வழங்கும் வாக்கியம் இது. 1959ல் மாநிலமானபோது இதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் “எஅ” என்ற சொல்லைக் கவனியுங்கள். உயிர், மூச்சு, காற்று, ஆளுரிமை எல்லாம் அதில் உண்டு. வழக்கமான மொழிபெயர்ப்பு “நிலத்தின் உயிர் அறத்தால் நிலைக்கிறது”. அன்று திரும்பி வந்தது ஆட்சி என்பதை நினைத்தால் “நாட்டின் ஆளுரிமை” என்பதும் அதே அளவு நேர். படத்தில் அந்த இடம் எதைப் பேசுகிறது? நிலத்தையா, ஆட்சியையா? அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

எழுத்துக்கூலி, தண்டையார்பேட்டை

வசனத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? தானியங்கி எழுத்தாக்கம் என்றால் மறுபடி காதால் கேட்டுச் சரிபாருங்கள். அது இரண்டு குறிகளைத் தின்றுவிடும்: உயிருக்கு மேல் வரும் நெடில்கோடு, தொண்டையடைப்பைக் காட்டும் ஒகினா. இரண்டும் அலங்காரம் இல்லை, பொருளை மாற்றுபவை. பவு என்றால் முடிந்தது. ப‘உ என்றால் கரி. ப‘ஊ என்றால் ஈரம். பா‘ஊ என்றால் பாவாடை. குறிகளை உதிர்த்தால் நான்கும் ஒன்றாகிவிடும். உங்கள் நான்காவது வரியிலும் ‘ஈ உதிர்ந்தால் “சொந்த” காணாமல் போய்விடும்.

ஒகினா ஒரு மெய்யெழுத்து. ஐந்தாவது வரியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பெயருக்கு முன்னால் வரும் “க” என்ற சுட்டு, அ, எ, ஒ, க் ஆகியவற்றில் தொடங்கும் சொல்லுக்கு முன் பொதுவாக “கெ” ஆகும். அதனால்தான் கெ எஅ, கெ கய். ஆனால் “‘ஆய்ன” முன்னால் “க” மாறாமல் நிற்கிறது. காரணம், அந்தச் சொல் உயிரில் தொடங்கவில்லை, ஒகினாவில் தொடங்குகிறது. எழுத்தாக்கத்தில் ஒகினா தொலைந்த இடத்தை இப்படியும் கண்டுபிடிக்கலாம்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது நமக்கு ஒரு பெரிய வசதி. அவர்களுக்கு ஐந்து உயிர், ஐந்துக்கும் நெடில். நம்மிடம் அ முதல் ஓ வரை, ஐ, ஔ நீங்கலாக, அதே பத்தும் இருக்கின்றன, எ/ஏ, ஒ/ஓ வேறுபாடு உட்பட. எனவே “போனோ” என்று நீட்டாதீர்கள், இரண்டும் குறில். தொல்லை தருவது க, ப. சொல் நடுவில் வந்தால் நாம் தன்னையறியாமல் மென்மையாக்கிவிடுவோம். “காகொவ்” என்று எழுதினால் “காgo” போல ஒலிக்கும் என்பதால்தான் நீங்கள் க் இரட்டித்திருக்கிறீர்கள், நல்லது. நீண்ட சொல்லில் இரட்டிப்பதைவிடச் சிறுகோடு போட்டுப் பிரிப்பது மேல்.

ஒகினாவுக்கு 6 வடிவ ஒற்றைக்குறி. கணினி சொல்லின் நடுவில் அதைத் தானாக 9 வடிவத்துக்கு மாற்றும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். உச்சரிப்பைப் படிப்பகத்தில் யாராவது கேட்டால்: வாயைத் திறக்காமல் “ம்‘ம்” என்று வேண்டாம் சொல்கிறோமே, நடுவில் விழும் வெட்டு, அதுதான்.

கடலோரம், ராயபுரம்

மிக்க நன்றி. மாற்றியது: 1. “நாம முறையாத் தொழில் செய்வோம்.” 2. “வலை சாமான்லாம் எங்க?” 3. “கடலை நாமதான் பாத்துக்கணும்.” 4. “அவரோட சொந்தப் படகு.” ஐந்தாவது இடம் நிலத்தைப் பற்றியது, அதனால் “நிலத்தின் உயிர்”.

இன்னும் ஒன்று. கடைசிக் காட்சியில் ஒரு பாட்டி “ஹொ‘ஒ-பொனொ-பொனொ” என்கிறார். குடும்பம் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. “சமரசம்” போடலாமா, “பஞ்சாயத்து” போடலாமா?

நெய்தல், திருவொற்றியூர்

முதல் வரியில் “தொழில்” போட்டது ரொம்பச் சரி, நம்ம கரையில் மீன் பிடிக்கப் போவதைத் தொழிலுக்குப் போறது என்றுதான் சொல்வார்கள். “முறையா” என்பதற்குப் பின்னால் அங்கே கனமான வழக்கம் இருக்கிறது. பழைய ஹவாயில் அக்கு சூரையும் ‘ஓபெலு மீனும் முறைவைத்துத் தடை செய்யப்பட்டன. பாதி ஆண்டு ஒன்றுக்கு, மறுபாதி மற்றதற்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அறிந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

சொல்லாய்வு, பழைய வண்ணாரப்பேட்டை

பஞ்சாயத்து வேண்டாம் தம்பி. நம்ம பக்கம் அந்தச் சொல்லில் தீர்ப்பும் அபராதமும் வந்துவிடும், பாட்டி செய்வதில் அது இல்லை. “ஹொ‘ஒ” என்பது நடப்பதை நடத்து ஆக்குவது போலப் பிறவினை ஆக்கும் முன்னொட்டு, “பொனொபொனொ” என்றால் ஒழுங்கு. சொல்லுக்கு நேர்ப்பொருள் சரிசெய்வது. பத்திரிகை ஆசிரியருக்குக்கூட “லுன ஹொ‘ஒ-பொனொ-பொனொ” என்று பெயர். ஆகவே திருத்துவது, தொகுப்பது என்ற இடத்திலும் இது வரும், இடம் பார்த்துப் போடுங்கள்.

குடும்பத்தில் செய்வது இப்படி: மூத்தவர் ஒருவர் நடத்துவார். பிரார்த்தனையில் தொடங்கும். ஒருவரோடொருவர் நேராக மோதாமல் மூத்தவர் வழியாகவே பேசுவார்கள். தவற்றை ஒப்புக்கொள்வார்கள், மன்னிப்பார்கள், பிறகு அந்த விஷயத்தை மூடிவிடுவார்கள். தனியாக உட்கார்ந்து நான்கு வாக்கியம் சொல்லும் முறை இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அது பிற்காலத்தது, உங்கள் காட்சிக்குப் பொருந்தாது.

அவர்கள் அதில் புழங்கும் சொற்களைப் பாருங்கள். மனக்கசப்பில் மாட்டிக்கொள்வது “ஹிஹிஅ”, அதாவது சிக்கல். மன்னிப்பது “கல”, அதாவது அவிழ்ப்பது. காசிமேட்டில் அதிகாலையில் வலையை விரித்து உட்கார்ந்து செய்யும் வேலை அதுவேதான். “வாங்க, உக்காந்து சிக்கெடுப்போம்” என்று போடுங்கள்.