சாமான் அறையில் 43 லேப்டாப், சர்வர் அறையில் 18 டிகிரி: எதில் தொடங்குவது?

செல்வி_காக்கிபுக்கிட்

வணக்கம். சிங்கப்பூரில் கணக்கு, சம்பள மென்பொருள் செய்து தரும் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 60 பேர். எங்கள் பெரிய வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம். போன மாதம் படிவம் ஒன்று அனுப்பினார்கள்: மின்சாரம் எவ்வளவு, பழைய கருவிகள் எங்கே போகின்றன என்று. அவர்கள் கரிம வெளியேற்றக் கணக்கு காட்ட வேண்டும், அதனால் கேள்வி எங்கள் வரைக்கும் வருகிறது. முதலாளி அதை என் மேசையில் வைத்து, "செல்வி, நீயே பாரும்மா" என்றார்.

முதலில் சுற்றுச்சூழலுக்காக எல்லாருக்கும் துணிப்பை, தண்ணீர்ப் புட்டி கொடுக்கலாம் என்று விலைகூடக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் சாமான் அறையைத் திறந்து பார்த்தேன். 43 பழைய லேப்டாப். ஒன்றை எடுத்து மேசையில் வைத்தால் ஆடுகிறது. திருப்பினால் பேட்டரி பூரி மாதிரி உப்பி, அடி மூடியின் திருகுகளைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து அறையில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

ஈராண்டுக்கு முன் ஒருவர் வந்து 20 லேப்டாப் எடுத்துப்போனார், ஒரு சீட்டுகூடத் தரவில்லை. அவற்றில் எத்தனை பேருடைய சம்பள விவரம் இருந்ததோ! நினைத்தால் தூக்கம் வரவில்லை.

சர்வர் அறை வேறு எந்நேரமும் 18 டிகிரி. கதவில் ஒரு ஸ்வெட்டர் தொங்கும், உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார். அதைக் கூட்டினால் சர்வர் கெடுமா?

ஜூரோங்_ராஜா

செல்வி அக்கா, நான் தரவு நிலையத்தில், அதாவது நிறைய சர்வர்கள் ஓடும் கட்டடத்தில், குளிரூட்டிப் பிரிவில் 12 வருடம். 18 டிகிரி தேவையே இல்லை. நம் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023ல் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென்றே தரநிலை வெளியிட்டது. படிப்படியாக 26 டிகிரிக்கும் மேலே போகலாம், ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5% மிச்சம் என்கிறது. 2020ல் நாட்டு மின்சாரத்தில் சுமார் 7% தரவு நிலையங்களுக்கே போனது, அதனால்தான் இவ்வளவு அக்கறை.

ஆனால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரம் ஒரு டிகிரி. அளக்க வேண்டியது அறைச் சுவரில் அல்ல, சர்வரின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில். ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) காலியான இடங்களைத் தகடு வைத்து அடையுங்கள். பின்னால் வரும் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் சுற்றி வந்துவிடும். அதைச் சமாளிக்கத்தான் பல இடங்களில் 18 வைத்திருக்கிறார்கள்.

பிடோக்_மணி

அக்கா, உப்பிய பேட்டரிதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியிலும் போடாதீர்கள். லித்தியம் தீ பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. மணல் போட்ட உலோகப் பெட்டியில், எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். காரங்கூனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவர்) கொடுக்க வேண்டாம்.

தகவல் விஷயம்: ஒவ்வொரு லேப்டாப்பின் வரிசை எண்ணோடு தகவல் அழிப்புச் சான்றிதழ் கேளுங்கள். "மொத்தம் 43 பெறப்பட்டது" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எஸ்எஸ்டியில் (தகவல் சேமிக்கும் சிப் வட்டு) பழைய தகவலின் மேல் வேறு எதையாவது எழுதினால் மட்டும் போதாது, அதற்கென்று உள்ள அழிப்புக் கட்டளை வேண்டும். பழைய சர்வர் இருந்தால் தயாரிப்பாளரைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி அவர்கள் இலவசமாகத் திரும்ப எடுக்க வேண்டும்.

இன்னொன்று, என் மனதில் உள்ளது. ஒரு லேப்டாப்பின் கரிம வெளியேற்றத்தில் பெரும்பகுதி அது பெட்டியில் நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை ஐந்தாக்கினால் அதைவிடப் பெரிய வேலை உங்கள் நிறுவனத்தில் இல்லை.

செல்வி_காக்கிபுக்கிட்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உப்பிய பேட்டரி ஆறு இருந்தது. அன்றைக்கே மணல் பெட்டியில் வைத்து, மறுவாரம் கொடுத்துவிட்டோம். மிச்சத்தில் 26 லேப்டாப்புக்குப் புது பேட்டரியும் எஸ்எஸ்டியும் போட்டதில் நன்றாக ஓடுகின்றன. இந்த ஆண்டு புதிதாக வாங்கும் பட்டியலை முதலாளியே கிழித்துவிட்டார்.

சர்வர் அறை இப்போது 24. ஏர்கானுக்குத் தனி மீட்டர் இருப்பதால் தெரிகிறது: மாதம் 2,400 யூனிட் இருந்தது 2,100 ஆகிவிட்டது. நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் வருவதால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு. அதாவது மாதம் 120 கிலோ குறைவு. படிவத்தில் அந்த எண்ணை எழுதும்போது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மணி, அந்த 20 லேப்டாப் பற்றி எங்கள் சட்ட ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன். எடுத்துப்போனவரின் எண் இப்போது வேலை செய்யவில்லை. ராஜா, வெளிக்காற்று ஈரப்பதம் 85% தாண்டும் நாளில் சர்வர் அறைக் கதவு ரப்பரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. இது சரிதானா?