மூன்று கடைக்குச் சேர்த்து ஃபிரான்சைஸ் கட்டணம் கட்டினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டைவாசி

பிரியாணி செயின், பெயர் வேண்டாம். அவர்கள் பெயரில் நாம் கடை நடத்த, ஒரு கடைக்குக் கட்டணம் 6 லட்சம், மூன்றாக எடுத்தால் 15 லட்சம் என்றார்கள். தில்லைநகர், கே.கே.நகர், ஸ்ரீரங்கம். ஜிஎஸ்டியோடு 17.70 லட்சத்தை ஒரே ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பினேன். 18 மாதத்துக்குள் மூன்றையும் திறக்க வேண்டும், திறக்காத கடைக்கான பணம் திரும்ப வராது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஸ்ரீரங்கம் என்றதுமே திருச்சிக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள், சிரியுங்கள். சென்னையில் உட்கார்ந்து மேப்பில் வட்டம் போட்டவருக்கு அது கூட்டம் வரும் இடம், அவ்வளவுதான். அங்கேயே வளர்ந்த எனக்குப் புத்தி எங்கே போயிற்று? 3 லட்சம் மிச்சம் என்ற கணக்கு கண்ணை மறைத்துவிட்டது.

ராஜகோபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு இடம் படிந்தது. வாடகை, முன்பணம் எல்லாம் பேசி பத்திரமும் டைப் அடித்தாயிற்று. ‘உணவகம்’ என்று மட்டும் போடுங்கள் என்றார் புரோக்கர். நான்தான் கம்பெனிப் பெயரை முழுசாகப் போட்டேன். அந்தப் பெயரிலேயே பிரியாணி இருக்கிறது. ஓனர் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை நான்காக மடித்து என் பக்கம் தள்ளி, “காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்றார். நல்ல காபி, அதையும் சொல்ல வேண்டும்.

18 மாதம் முடிந்தது. 5.90 லட்சம் போச்சு.

டீத்தூள்_கோவை

எனக்கு இடப் பிரச்சினை இல்லை. டீக்கடை ஃபிரான்சைஸ், காந்திபுரத்தில் ஒன்று, சரவணம்பட்டியில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 8 லட்சம், மேலே ஜிஎஸ்டி 1.44 லட்சம். “அது இன்புட்ல திரும்ப வந்துடும் சார், நீங்க கஸ்டமர்கிட்ட வாங்கற ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், செலவுலயே சேர்க்காதீங்க” என்றான் விற்க வந்த பையன். நானும் சேர்க்கவில்லை.

ரிட்டர்ன் போடப் போன அன்று ஆடிட்டர் அந்த 1,44,000-ஐப் பென்சிலால் வட்டமிட்டார். “கஸ்டமர்கிட்ட எத்தனை பர்சன்ட் வாங்கறீங்க?” “அஞ்சுங்க.” “அப்ப இன்புட் கிடையாதுங்க.” அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். 5% வாங்கும் உணவகத்துக்கு 2017 நவம்பரிலிருந்தே அப்படித்தானாம். பெயருக்காக மாதாமாதம் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டிக்கும் ஜிஎஸ்டி 18%, அதுவும் வராது. ராத்திரி கணக்கு நோட்டைத் திறந்தால் அந்தப் பென்சில் வட்டம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

அண்ணாநகர்_அடுப்பு

மலைக்கோட்டை சார், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் நஷ்டம் 5.90 இல்லை. இரண்டு கடையை மட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் ஜிஎஸ்டியோடு 14.16 ஆகியிருக்கும். நீங்கள் கட்டியது 17.70. ஆக 3.54 லட்சம்தான். மேப்பில் வட்டம் போட்டவரைத் திட்டி என்ன பயன், ஊர் உங்களுடையதுதானே?

என் கதை ஒரே வரி. இரண்டு கடைக்குக் கட்டினேன், இரண்டாவது திறப்பதற்கு முந்தின வாரத்திலிருந்து கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை.

இனிமேல் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டிரேட்மார்க் தளத்தில் பெயரைத் தேடுங்கள், யார் வேண்டுமானாலும் தேடலாம். உணவகச் சேவைக்கு வகுப்பு 43. விண்ணப்பம் போட்டிருப்பது வேறு, பதிவாகியிருப்பது வேறு. எனக்கு விற்றவர் பெயருக்கு வேறொருவர் ஆட்சேபம் போட்டிருந்தார், அவர் போன் எடுக்காமல் போன பிறகுதான் நான் தேடிப் பார்த்தேன். அடுத்தது, இரண்டாவது மூன்றாவது கடைக்கான தொகையைக் கட்டணமாகக் கட்டாதீர்கள். திரும்பத் தரும் டெபாசிட்டாக வைத்துக்கொண்டு, கட்டட ஓனர் கையெழுத்துப் போட்ட பிறகு கட்டணமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உண்மையான டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டணமாக முன்கூட்டியே வாங்கினால் வாங்கின அன்றே உண்டு, கடை திறக்கிறதோ இல்லையோ. ஒத்துக்கொள்ளாத கம்பெனிக்கு உங்கள் கடையைவிட உங்கள் செக்தான் முக்கியம். அப்புறம், மூன்று கடைக்கும் ஒரே பத்திரமா, தனித்தனியா என்று பாருங்கள். ஒரே பத்திரமாக இருந்து, ஒரு கடையில் தவறினால் எல்லாம் ரத்து என்று ஒரு வரி இருந்தால் ஓடுகிற கடையும் போய்விடும். கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். பெயரும் பயிற்சியும் மட்டும் கொடுத்துவிட்டு, இன்டீரியரை எங்கள் ஆளிடம்தான் செய்ய வேண்டும் என்பார்கள், அவர் சொல்வதுதான் விலை. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிமம், ஒவ்வொரு இடத்துக்கும் தனி, இதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னும் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

டெக்சாஸ்_தோசை

நாளைக்கும் எழுதுவீர்களா சகோ? சரி.

டாலஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே ஃபிரான்சைஸ் விற்கிறவர் எஃப்டிடி என்று, கட்டணம் செலவு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லும் ஒரு ஆவணம் தந்தாக வேண்டும், மத்திய அரசின் விதி. மொத்தம் 23 பகுதி. கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்பே நம் கையில் இருக்க வேண்டும். ஐந்தாம் பகுதியில் முன்கட்டணம், ஆறில் மற்றக் கட்டணங்கள், ஏழில் திறக்க ஆகும் மொத்தச் செலவு. நம்மூரில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

ஆவணம் தந்தால் மட்டும் போதுமா? சாண்ட்விச் செயின், ஐந்து கடை எடுப்பதாகப் பேச்சு. ஏழாம் பகுதித் தொகையைப் பார்த்து, பரவாயில்லையே, சமாளிக்கலாம் என்று இருந்தேன். பதிமூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் மனைவி மஞ்சள் ஹைலைட்டரோடு உட்கார்ந்திருந்தாள். “ஏங்க, இது ஒரு கடைக்குங்க” என்றாள். நான் ஐந்துக்கும் சேர்த்து என்று படித்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இரண்டு கடையாகக் குறைத்தோம். முதலாவதுக்கு முழுக் கட்டணம், இரண்டாவதுக்குப் பாதி, மீதி லீஸ் கையெழுத்தாகும்போது. ஐந்துக்கும் பேசிய சேல்ஸ் மேனேஜர் அதன் பிறகு ‘ஹாய்’கூடச் சொல்வதில்லை.

மலைக்கோட்டைவாசி

அடுப்பு சார், 3.54 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தில்லைநகரும் கே.கே.நகரும் தலைக்கு 6 லட்சத்துக்கே தந்திருப்பார்கள் என்று எப்படித் தெரியும்? மூன்றாக எடுத்ததால்தான் தில்லைநகரே கொடுத்தார்கள், வேறு ஆள் காத்திருந்தார். அதோடு மூன்று இடத்துக்கும் போர்டு ஒரே நேரத்தில் அடித்தால் மலிவு என்றார்கள். அதுவும் முன்பணம்தான், அதை உங்கள் கணக்கில் காணோம்.

ஸ்ரீரங்கம் போர்டு 12 அடி, மொட்டைமாடியில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் துணி விரித்து வடாம் காயவைக்கிறாள்.

டீத்தூள்_கோவை

போர்டு விற்கிற எண்ணம் இருக்கிறதாங்க? பின்பக்கம் எழுத்து இல்லாமல்தானே இருக்கும்?