திருகோணமலையில் முதியோர் இல்லம்: படுக்கையில் இருக்கும் அம்மாவைச் சேர்க்க முதல் என்னென்ன பார்க்க வேண்டும்?

மட்டிக்களி

வணக்கம். அம்மாவுக்கு 76 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் ஏலாது, பேச்சும் தெளிவில்லை. சீனி வருத்தத்துக்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. உப்புவெளிப் பக்கம் ஒன்றும் டவுனுக்குள் ஒன்றுமாக இரண்டு இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் துப்புரவாக இருக்கின்றன, ஆட்களும் அன்பாகக் கதைக்கிறார்கள். அதை மட்டும் நம்பி விடப் பயமாக இருக்கிறது. அடுத்த முறை போகும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டியாரம்

முதலில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். இரவில் முழித்திருந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? தானாகப் புரள முடியாதவர்கள் எத்தனை பேர்? புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்ப வேண்டும். அப்படி எட்டுப் பேர் இருந்தால் இரவு ஒன்பதுக்கும் விடிய ஐந்துக்கும் இடையில் நாலு சுற்று, அதாவது 32 தடவை. நனைந்த துணியையும் மாற்றித் திருப்ப ஒருவருக்குப் பத்து நிமிடம் போகும். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல். பாரமானவரைத் தனியாளாக இழுத்துத் திருப்பினால் தோல் உரியும், அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒரேயொரு பராமரிப்பாளர் நிற்கிற இரவில் இந்த வேலை நடக்காது. அவர் எவ்வளவு நல்ல மனுசியாக இருந்தாலும் நடக்காது.

திருப்பிய நேரத்தை எழுதும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று நிமிடம் பிசகாமல், ஒரே பேனையில், ஒரே எழுத்தில் இருந்தால் விடியற்காலையில் உட்கார்ந்து நிரப்பியது. 9.50, 12.15 என்று கோணல்மாணலாக, எந்தப் பக்கம் திருப்பினது என்றும் போட்டு, கையெழுத்தும் மாறி மாறி இருந்தால் நம்பலாம்.

சேர்த்த பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் போர்வையை விலக்கி அம்மாவின் குதிக்கால், நாரிக்குக் கீழே வாலெலும்பு இருக்கும் இடம், இடுப்பின் இரு பக்கம் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்தோட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய நிறத்தில் சிவப்புச் சரியாகத் தெரியாது. அக்கம்பக்கத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கறுத்தோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு உரசுவது பெரிய பிழை, உள்ளே நொந்த தசை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணியும் வேண்டாம், அது சுற்றிவர இரத்தத்தைத் தடுக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணி வைத்துக் குதிக்காலை அந்தரத்தில் விட்டால் போதும். காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்புவதை நிறுத்திவிடும் இடங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, ஏலாத வலக்கையைப் பிடித்து இழுத்தோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியோ அம்மாவை எழுப்ப விடாதீர்கள். பாரிசவாதக்காரருக்குத் தோள்மூட்டு அப்படியே நழுவும், அந்த நோவு மாதக்கணக்கில் நிற்கும்.

தம்பலகாமம்

கொட்டியாரம் அண்ணா தோலைச் சொல்லிவிட்டார். நான் சாப்பாட்டு நேரத்தைச் சொல்கிறேன், பாரிசவாதத்துக்குப் பிறகு உயிராபத்து அங்கேதான். சாப்பாடு கொடுக்கும் நேரம் பார்த்துப் போங்கள். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டுபவரும் முன்னால் உட்கார்ந்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கின பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்து அரை மணித்தியாலமாவது சாய்க்கக் கூடாது. குடித்தவுடன் இருமினால், குரல் தண்ணிக்குள் கதைப்பதுபோல் கொழகொழத்தால், சாப்பாடு நுரையீரல் பக்கம் போகிறது. சில பேர் இருமாமலே உள்ளே விடுவார்கள், அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவதுதான் அதற்கு அடையாளம். உதிரிப் புட்டு, விசுக்கோத்து, சொதி நிறைய ஊற்றிய இடியப்பம் மூன்றும் இவர்களுக்குக் கரைச்சல். கட்டியும் தண்ணியும் ஒன்றாக வாயில் போனால் விழுங்குவது இன்னும் கஷ்டம். குழைந்த, ஒரே பதமான சாப்பாடுதான் பாதுகாப்பு. எந்தப் பதம் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். பல் துலக்குவதைக் கேட்க மறக்க வேண்டாம். வாயில் கிடக்கும் அழுக்கு நுரையீரலுக்குப் போனால் நியூமோனியா.

மாதம் ஒருமுறை நிறை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எழும்ப ஏலாதவர்களைக் கதிரையோடு நிறுக்கத் தராசு இல்லாவிட்டால் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்தாவது எழுத வேண்டும். ஒரு மாதத்தில் நிறையில் நூற்றுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் பத்துக் குறைந்தால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குளிசை விஷயம்: காலையிலேயே எல்லாருடையதையும் உறையிலிருந்து எடுத்துச் சின்னக் கிண்ணங்களில் போட்டு வைத்திருந்தால் ஒரு நாள் ஆள் மாறும். உறையோடு கட்டிலடிக்குக் கொண்டு வந்து, பெயரைப் பார்த்து, கொடுத்து, விழுங்கினதைக் கண்ட பிறகுதான் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். விழுங்க ஏலாதவருக்கு இடித்துக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரையும் குளிசைகளை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரேயடியாக இறங்கும். அம்மாவின் மருந்தில் அப்படி எது இருக்கிறது என்று பார்மசியில் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மட்டிக்களி

நன்றி. இன்சுலின் பற்றித்தான் கூடப் பயம். ஒரு இல்லத்தில் பிரிட்ஜ் சமையலறையில் இருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வது? அடுத்தது, அதே இல்லத்தில் இரவில் விழாமலிருக்க இடுப்பில் துணியால் கட்டி வைப்போம் என்றார்கள். அது சரிதானா?

தம்பலகாமம்

திறக்காத புட்டி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் வீசிவிட வேண்டும், உருகினாலும் வேலை செய்யாது. திறந்த புட்டியைச் சூடில்லாத இடத்தில் ஏறக்குறைய நாலு கிழமை பாவிக்கலாம். திறந்த திகதியை அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். கச்சான் வீசுகிற மாதங்களில் நம்ம ஊர் அறைக்குள்ளும் 30 பாகைக்கு மேல் போகும். அதனால் திறந்ததையும் பிரிட்ஜில் வைப்பதே நல்லது, அல்லது ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில், பொலித்தீனில் சுற்றி வைக்கலாம். சில மணித்தியாலம் கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்துவது. பால் நிறத்துக் கலப்பு இன்சுலின் என்றால் ஊசிக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு வாய்க்குப் போக வேண்டும். சாப்பாடு தயார் என்று கண்ட பிறகே ஊசியை எடுக்கிற பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவால் சொல்ல முடியாது. வியர்த்தல், மந்தமாகக் கிடத்தல், வழக்கமில்லாத எரிச்சல் கண்டால் உடனே சீனி பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். தண்ணிப் பானம் புரையேறும் ஆளென்றால் அதே சீனியைக் கஞ்சிப் பதத்தில் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். குளுக்கோ மீற்றரும் காலாவதியாகாத பட்டிகளும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

சாம்பல்தீவு

கட்டுவதை எல்லாரும் குறை சொல்வார்கள், ஆனால் ஆள் பற்றாத இடத்தில் வேறு வழி என்ன? விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது இன்னும் மோசமல்லவா?

கொட்டியாரம்

இல்லை தம்பி, கட்டினால் விழுவது குறையாது, காயம்தான் கூடும். கட்டப்பட்டவர் கீழே வழுகும்போது துணி நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறும், மூச்சடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். அசையாமல் கிடந்து புண்ணும் நியூமோனியாவும் வரும். நடக்கக்கூடியவருக்குக் காலில் பலம் போய், கட்டை அவிழ்த்த அன்றைக்கே விழுவார். கட்டில் கம்பியும் அப்படித்தான், தடுமாற்றமுள்ளவர் அதற்கு மேலால் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

செய்யக்கூடியவை செலவு குறைந்தவை. கட்டில் காலை வெட்டித் தாழ்த்தி, பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போடுங்கள். இரவுக்கு மங்கலான வெளிச்சம் வேண்டும். படுக்க முதலும் நடுச்சாமத்திலும் மூத்திரத்துக்குக் கொண்டு போங்கள், இரவில் எழும்பி விழுபவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் எழும்புகிறார்கள் என்பது என் எண்ணம். நித்திரைக் குளிசை, பிரஷர் குளிசை கூடிவிட்டதா என்று கிளினிக்கில் கேளுங்கள். கட்டுவதை வழக்கமாக வைத்திருக்கும் இடத்தில் அம்மாவை விட வேண்டாம்.

உவர்மலை

பதிவையும் பார்த்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முறைப்பாடு என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், உங்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். சமையலறை, கிணறு, மலசலகூடம் பற்றியதைப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கொடுக்கலாம். வாயால் சொல்லாமல் திகதி, நேரம், கண்டது என்ன என்று எழுதி, பிரதி ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். புண் இருந்தால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். வங்கிப் புத்தகத்தை இல்லத்தில் கொடுக்க வேண்டாம். மாதப் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கட்டிலடியில் ஒரு உறை தொங்க வேண்டும். அதில் நோய்களின் பட்டியல், இப்போதைய மருந்தும் அளவும், ஒவ்வாமை, எந்தப் பதத்தில் சாப்பாடு, யாருக்கு அழைப்பது என்று எழுதிய ஒரு தாளும் கிளினிக் கொப்பியும் இருக்கட்டும். இரவில் அம்புலன்ஸ் வந்தால் அந்த உறையும் அம்மாவோடு ஏற வேண்டும். மருந்து மாறும் ஒவ்வொரு கிளினிக் நாளிலும் பழைய தாளைக் கிழித்துப் புதியது வையுங்கள்.