சர்வில் புள்ளி வெல்லும் நிகழ்தகவு: 160 புள்ளிகளை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

வலையோரம்

டென்னிஸ் ஆடவர் ஒற்றையர் பிரிவில் ஒரு வீரரின் கடைசி இரண்டு ஆட்டங்களைச் சேர்த்த சர்வ் கணக்கு இது. இரண்டுமே புல்தளத்தில் நடந்தவை.

மொத்த சர்வ் புள்ளிகள் 160. முதல் சர்வ் உள்ளே விழுந்தது 102, அதில் வென்றது 81. இரண்டாம் சர்வுக்குப் போனது 58, அதில் வென்றது 37. டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறி இழந்த புள்ளி) 5.

அடுத்த ஆட்டம் ஹார்டு கோர்ட்டில். அதற்கு இவர் சர்வில் புள்ளி வெல்லும் நிகழ்தகவு வேண்டும். 118-ஐ 160-ஆல் வகுத்தால் 73.75%. முதல் சர்வ், இரண்டாம் சர்வ் என்று பிரித்துக் கணக்கிட்டால் 75.9% வருகிறது. ஒரே தரவுக்கு எப்படி இரண்டு விடை? இன்னொன்று: 0.74 என்றே வைத்து கேம் சூத்திரத்தில் (புள்ளி வெல்லும் நிகழ்தகவிலிருந்து கேம் வெல்லும் வாய்ப்பைத் தருவது) போட்டால், தன் சர்வ் கேமை 94% வெல்வார் என்கிறது. இதை நம்பலாமா?

இரண்டாம்சர்வ்

முதல் கேள்விக்கு விடை அந்த 5 டபுள் ஃபால்ட்டில் இருக்கிறது. 37-ஐ 58-ஆல் வகுக்காமல் 53-ஆல் வகுத்திருக்கிறீர்கள். டபுள் ஃபால்ட்டும் இரண்டாம் சர்வில் தோற்ற புள்ளிதான், வகுக்கும் எண்ணில் அது இருந்தே ஆக வேண்டும்.

முதல் சர்வ் விழும் விகிதம் மு, அதில் வெல்லும் விகிதம் வெ1, இரண்டாம் சர்வில் வெல்லும் விகிதம் வெ2, சர்வில் புள்ளி வெல்லும் மொத்த நிகழ்தகவு ப என்றால்:

ப = மு × வெ1 + (1 − மு) × வெ2

மு = 102/160 = 0.6375, வெ1 = 81/102 = 0.794, வெ2 = 37/58 = 0.638. போட்டுப் பாருங்கள், 0.7375 பிசகாமல் வரும். ஏஸ்களை (எதிராளி தொடவே முடியாத சர்வ்கள்) தனியாகச் சேர்க்கத் தேவையில்லை, அவை வெ1, வெ2 இரண்டுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கின்றன. பல ஆட்டங்களைச் சேர்க்கும்போது ஆட்டவாரியான சதவீதங்களின் சராசரியை எடுக்காதீர்கள். வென்றவற்றைத் தனியாகவும் ஆடியவற்றைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள். இல்லாவிட்டால் 40 புள்ளியில் முடிந்த ஆட்டமும் 150 புள்ளி போன ஆட்டமும் ஒரே எடை பெறும். காயத்தால் பாதியில் நின்ற ஆட்டங்களை எடுத்துவிடுவது நல்லது. அவற்றின் கடைசிச் சில கேம்கள் முழு உடல்தகுதியில் ஆடியவை அல்ல.

0.74 நம்பத்தக்கதா என்றால், இல்லை. திட்டப்பிழை (மாதிரி சிறிதாக இருப்பதால் வரும் தடுமாற்றத்தின் அளவு) √(0.7375 × 0.2625 / 160) = 0.035. அதாவது 95% இடைவெளியே ஏறத்தாழ 67 முதல் 81 வரை நீள்கிறது. அதோடு, நல்ல இரண்டு ஆட்டங்கள் கண்ணில் பட்டதால்தான் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியே எழும். அந்த எண்ணில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதலாகவே இருக்கும். குறிப்பாக இரண்டாம் சர்வில் 64% என்பது உயரம். முன்னணி வீரர்களே அங்கே பாதிக்குச் சற்று மேலேதான் நிற்பார்கள்.

எனவே சராசரி நோக்கிச் சுருக்க வேண்டும். எவ்வளவு என்பதை ஊகத்தில் விடாமல் கணக்கிடலாம். ஆடவர் சராசரி ஏறத்தாழ 0.64. வீரருக்கு வீரர் உள்ள உண்மையான திறன் வேறுபாட்டின் திட்டவிலக்கம் 0.04 என்று கொள்வோம் (உங்கள் தரவிலிருந்து எடுக்கும்போது மாதிரிப்பிழையைக் கழித்துவிட்டு எடுங்கள்). பீட்டா பரவலின் (விகிதங்கள் வீரருக்கு வீரர் எப்படிச் சிதறும் என்று சொல்வது) வலிமை = 0.64 × 0.36 / 0.0016 − 1 = 143. அதாவது சராசரி வீரராக ஆடிய 143 கற்பனைப் புள்ளிகளைச் சேர்க்கிறோம்:

(118 + 0.64 × 143) / (160 + 143) = 0.691

கேம் சூத்திரத்தில் இதைப் போட்டால் 94% போய் 89% வரும்.

டியூஸ்40

மேலே சொன்ன முறை சரி, ஆனால் 0.64 அங்கே பொருந்தாது. அந்த 160 புள்ளிகளும் புல்தளத்தில் ஆடியவை. பந்து தாழ்ந்து வழுக்கிப் போகும் தளத்தில் எல்லோருடைய சர்வும் நன்றாகத்தான் தெரியும். ப என்பது சர்வ் செய்பவருக்கு மட்டும் சொந்தமான எண் அல்ல. தளம், எதிரே நிற்பவர் இரண்டும் சேர்ந்துதான் அது.

உங்கள் தரவில் புல்தள சராசரி 0.67, ஹார்டு கோர்ட் சராசரி 0.64, அடுத்த எதிராளி ரிட்டர்னில் (பிறர் சர்வை எதிர்கொள்ளும்போது) வெல்லும் விகிதம் 0.39 என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு கோர்ட் ரிட்டர்ன் சராசரி கட்டாயம் 1 − 0.64 = 0.36 ஆகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கூட்டி 1 வராவிட்டால் தரவு எங்கோ உடைந்திருக்கிறது.

முதலில் புல்தள சராசரி நோக்கிச் சுருக்குவோம்: (118 + 0.67 × 143) / 303 = 0.706. இவர் தளச் சராசரியைவிட 0.036 மேல். எதிராளி ரிட்டர்ன் சராசரியைவிட 0.39 − 0.36 = 0.03 மேல். இப்போது பார்னெட், கிளார்க் இருவரும் 2005-ல் தந்த கூட்டல் முறை:

ப = தளச் சராசரி + (சர்வ் செய்பவரின் மிகை) − (ரிட்டர்ன் செய்பவரின் மிகை)
= 0.64 + 0.036 − 0.03 = 0.646

0.74-ல் தொடங்கியது 0.65-க்கு அருகில் வந்துவிட்டது. கேம் வெல்லும் வாய்ப்பு 83% அளவில்தான்.

கூட்டல் முறை நடுப்பகுதியில் நன்றாக உழைக்கும், ஓரங்களில் தடுமாறும். மிக வலுவான சர்வ், மிக பலவீனமான ரிட்டர்ன் சேர்ந்தால் அது மிகையாகச் சொல்லும். லாஜிட்டில் (ப/(1 − ப)-இன் மடக்கை) கூட்டிக் கழித்தால் அந்தத் தொல்லை இல்லை. இங்கே அதுவும் 0.649 தருகிறது, வித்தியாசம் சொற்பம்.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த இரண்டு ஆட்டங்களில் எதிரே நின்றவர்கள் யார்? ரிட்டர்ன் தெரியாத இருவர் என்றால் 0.706-ஏ வீங்கிய எண். கையால் திருத்திக்கொண்டே போவதைவிட, ஓராண்டு ஆட்டங்கள் எல்லாவற்றையும் போட்டு ஒரே லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (பல காரணிகளிலிருந்து நிகழ்தகவைக் கணிக்கும் முறை) ஓட்டுங்கள். சர்வ் செய்பவருக்கு ஒரு கெழு, ரிட்டர்ன் செய்பவருக்கு ஒரு கெழு, தளத்துக்கு ஒன்று. வீரர் கெழுக்களுக்கு ரிட்ஜ் தண்டம் (கெழுக்களைப் பூஜ்யம் நோக்கிச் சுருக்குவது) கட்டாயம். அதை விட்டால் மூன்று ஆட்டம் ஆடிய தகுதிச்சுற்றுக்காரர் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துவிடுவார்.

வலையோரம்

நன்றி, டபுள் ஃபால்ட் விஷயம் புரிந்தது. பிரேக் பாயின்ட்டுக்கு (சர்வ் செய்பவர் தோற்றால் கேமையே இழக்கும் புள்ளி) தனி ப வைக்க வேண்டுமா? பிரேக் பாயின்ட்டைக் காப்பாற்றும் சதவீதம் பலருக்கும் மொத்த ப-வைவிடக் குறைவாகத் தெரிகிறதே, அழுத்தம்தானே காரணம்?

எண்கணக்கன்

பெரும்பகுதி அழுத்தம் அல்ல, தேர்வுச் சாய்வு. நல்ல ரிட்டர்ன் உள்ளவருக்கு எதிராக, சர்வ் சரியாக விழாத நாளில்தான் பிரேக் பாயின்ட் அதிகம் குவியும். லேசான எதிராளிகளிடம் அது வருவதே இல்லை. ஆகவே அந்தச் சதவீதம் கடினமான எதிராளிகள் பக்கம் சாய்ந்த ஒரு மாதிரி.

கோர்ட்டின் பக்கமும் இருக்கிறது. 0-40, 30-40, எதிராளிக்கு அட்வான்டேஜ், இவை மூன்றும் இடப்பக்கத்திலிருந்து சர்வ் செய்யும் புள்ளிகள். 15-40 ஒன்றுதான் வலப்பக்கம். இடப்பக்கத்தில் இடக்கைக்காரரின் சர்வ், வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டை வெளியே இழுத்துக்கொண்டு போகும், வலக்கைக்காரருக்கு அந்த வசதி குறைவு. இதைப் பிரிக்காமல் மனஉறுதி பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

விம்பிள்டன் 1992–95 புள்ளிகளை அலசி கிளாசென், மேக்னஸ் 2001-ல் வெளியிட்ட முடிவு: புள்ளிகள் முழுக்க ஒன்றையொன்று சாராதவை அல்ல, முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவர் சற்றுத் தடுமாறுகிறார். ஆனால் விலகல் சிறியது. கேம், செட் கணக்குக்கு ஒரே ப போதும் என்றுதான் நடைமுறையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவரின் 20, 30 பிரேக் பாயின்ட்டுகளை வைத்துத் தனி ப கட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

வலையோரத்துக்கு ஒன்று: ப-வை ஒருவருக்கு மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். ஆட்டத்தை யார் வெல்வார் என்பது பெரும்பாலும் இருவரது ப-க்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் டை-பிரேக் கூடும், வெற்றி வாய்ப்பு அவ்வளவாக நகராது. 2010 விம்பிள்டனில் இஸ்னர், மஹூ ஆடிய 980 புள்ளிகளில் மஹூ 502 வென்றார், ஆட்டத்தை வென்றது இஸ்னர்.

சோதிக்கும்போது தேதிப்படி வெட்டுங்கள். ஆட்டங்களைக் குலுக்கிப் பிரித்தால் எதிர்காலம் பயிற்சித் தரவுக்குள் கசிந்துவிடும். பழைய ஆட்டங்களுக்கு அரை ஆயுள் (எடை பாதியாகும் காலம்) வைத்து எடை குறைக்கலாம். 90, 180, 365 நாள் மூன்றையும் ஓட்டி, அடுத்து வரும் மாதங்களில் எதன் லாக்-இழப்பு (கணிப்பு எவ்வளவு தவறியது என்ற அளவு) குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 0.60–0.62, 0.62–0.64 என்று கட்டங்களாகப் பிரித்து, கணித்ததும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மேல்கட்டங்களில் நடந்தது குறைவாகவும் கீழ்க்கட்டங்களில் கூடுதலாகவும் வந்தால் சுருக்கம் போதவில்லை. 143-ஐ ஏற்றுங்கள்.