குன்னூருக்கு மாற்றல்: எந்த மின்சார சைக்கிள் ஏறும்?

கொருக்குப்பேட்டைவாசி:
அடுத்த மாதம் குன்னூரில் வேலையில் சேர வேண்டும். அலுவலகம் கீழே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். வீடு மேலே, சிம்ஸ் பூங்கா பக்கம். காலையில் வெறுங்கையோடு இறக்கம். மாலையில் காய்கறி, மளிகைப் பையோடு ஏற்றம். ஓட்டுநர் உரிமம் என்னிடம் இல்லை. அதனால் பதிவும் உரிமமும் தேவைப்படாத 250 வாட், 25 கிலோமீட்டர் வேக வரம்புக்குள் வரும் சைக்கிள்தான். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டார் வண்டி ஒன்றைத் தங்கசாலை மேம்பாலத்தில் ஓட்டினேன். மிதிக்காமலே ஏறியது. வாங்கிவிடலாமா?

தண்டையார்பேட்டை பட்டறை:
வேண்டாம் தம்பி. மேம்பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மோட்டார் சூடாவதற்குள் இறக்கம் வந்துவிடும். மலையில் அந்த இறக்கம் வராது. காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றும் வண்டிகள் என்னிடம் பழுதுக்கு வருகின்றன. இங்கே சமதரை, அவர்களுக்கு ஹப் மோட்டாரைத்தான் நானே சொல்வேன். ஆனால் மலைக்குக் கொண்டுபோன ஒரு வண்டி திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் மூன்று நைலான் பற்சக்கரங்களில் ஒன்றின் பற்கள் மழுங்கிக் கிடந்தன. கிரீஸ் உருகி ஓடியிருந்தது. செம்புச் சுருள் கருகிய வாடை. மிதி அச்சில் பொருத்தும் நடு மோட்டார் வாங்குங்கள். அது சைக்கிளின் கியர் வழியாக இழுக்கும்.

எண்ணூர் சாலை:
ஒரு வண்டி கருகியதை வைத்து ஹப் மோட்டாரையே ஒதுக்குவது நியாயமில்லை அண்ணா. நடு மோட்டாரின் விலை அதிகம். அதன் முழு இழுவையும் செயின் மேல் விழுகிறது. செயினும் பின்பற்சக்கரங்களும் சீக்கிரம் தேய்கின்றன. உதிரிபாகத்துக்கு எத்தனை நாள் காத்திருப்பது? ஹப் கெட்டால் சக்கரத்தைக் கழற்றி பார்சலில் அனுப்பிவிடலாம்; கழற்றும்வரை வெறும் சைக்கிளாக மிதித்து ஓட்டலாம். 26 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 20 அங்குலம் எடுங்கள். அதே மோட்டார், அதே சாலை வேகத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், இழுவையும் கூடும்.

வியாசர்பாடி:
உரிமம் எடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்குவதே மேல். 250 வாட்டை நம்பி மலையேறுவது உடம்பை வருத்திக்கொள்வது.

தண்டையார்பேட்டை பட்டறை:
கணக்கைப் பாருங்கள். ஆள் 70 கிலோ, வண்டி 25, பை 15, மொத்தம் 110. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டரில் போக, உயரத்துக்கு மட்டுமே சுமார் 240 வாட் வேண்டும். கால் கொஞ்சம் கைகொடுத்தால் 250 வாட் போதும். 15 கிலோமீட்டரில் போக ஆசைப்பட்டால் 360 வாட் ஆகிவிடும். ஆகவே மெதுவாகத்தான் ஏற வேண்டும், சிக்கலே அங்குதான். 25 கிலோமீட்டருக்கு ஏற்றபடி செம்புச் சுருள் சுற்றப்பட்ட ஹப் 10-இல் திணறும்போது மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகப் போகிறது. நடு மோட்டாரில் கியரைக் குறைத்தால் வண்டி மெதுவாகப் போகும், மோட்டார் தன் வேகத்தில் சுற்றும்.

இன்னொன்று: பேட்டரிக்காகக் கூடுதல் பணம் கொட்டாதீர்கள். அந்த 110 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்ற 30 வாட்-மணி. விரயத்தையும் சேர்த்தால் ஐம்பது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 இருக்கிறது.

ராயபுரம் அக்கா:
இரண்டு பேரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா வீடு கோத்தகிரியில். மலையில் பயம் இறங்கும்போதுதான். மழையும் மூடுபனியும் ஈரச்சாலையும் சேர்ந்த காலையில் பிரேக் நன்றாக இருந்தால்தான் அலுவலகம் போய்ச் சேர முடியும். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கேளுங்கள், எண்ணெயால் இயங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது. விட்டு விட்டுப் பிடியுங்கள். பிடித்தபடியே இறங்கினால் தட்டு கொதித்துப் பிடிப்பு குறையும்.

பையைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! பின் கேரியரின் மேல் அரிசியைக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் அழுந்தாது, கைப்பிடி ஆடும். பக்கத்துக்கு ஒன்றாகத் தாழத் தொங்கும் பைகளில் பிரித்துப் போடுங்கள். கழற்றும் பேட்டரியாகவும் பாருங்கள் தம்பி. அங்கே பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும். வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது.

எண்ணூர் சாலை:
அக்கா சொன்ன சுமைக்கும் சின்னச் சக்கரம்தான் பொருத்தம். பை தாழ்வாக அமையும். சூட்டைப் பற்றிய கணக்கை ஏற்கிறேன், ஆனால் அது மிதிக்காமல் ஓட்டுபவனுக்கு. பாதி பலம் காலிலிருந்து வந்தால் ஹப் அவ்வளவு கொதிக்காது.

தண்டையார்பேட்டை பட்டறை:
நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பையோடு, மழையில் வருகிறவர் பாதி பலம் போடுவாரா? போடமாட்டார் என்று வைத்துத்தான் வண்டி சொல்ல வேண்டும். தம்பி, இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு, 15 கிலோ மூட்டையோடு தங்கசாலை மேம்பாலத்துக்கு விடியற்காலையில் வாருங்கள், லாரி குறைவாக இருக்கும். ஏற்றத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். பிறகு இடைவிடாமல் மேலும் கீழுமாக ஓட்டிவிட்டு மோட்டார் கூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டைவாசி:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணா. நடு மோட்டார் வண்டிக்குக் கடையில் பேசியாகிவிட்டது. எண்ணூர் சாலை நண்பரே, உங்கள் 20 அங்குல வண்டியை அன்றைக்கு ஒரு மணி நேரம் தர முடியுமா?

எண்ணூர் சாலை:
தருகிறேன். நானும் வருகிறேன், கூட்டை நானே தொட்டுப் பார்க்க வேண்டும்.