அண்ணன் போனதுக்கு அப்புறம் அம்மாவும் மதினியும் பேசிக்கிறதில்லை. மனநல ஆலோசகர் முன்னின்று நடத்துற குழு மதுரைப் பக்கம் எங்கே இருக்கு?

பூட்டு_ஊர்க்காரன் (கேள்வி)

வணக்கம். நான் திண்டுக்கல். தோல் ஷாப்பில் கணக்கு எழுதுறேன். எங்க அண்ணன் போன ஆடியில் தவறிட்டான். 43 வயசு. வத்தலக்குண்டில் எலக்ட்ரிக்கல் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேரல. இப்போ தலைத் திவசம் வரப்போகுது.

கடையோட கரண்ட் அக்கவுண்டுக்கு அண்ணன் நாமினி போடல. தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சு. அதில் மதினி, பையன், அம்மான்னு மூணு பேர். பையன் மைனர், பேங்க் ஃபாரத்தில் அவனுக்கும் சேர்த்து மதினி கையெழுத்துப் போட்டாச்சு. அம்மா கையெழுத்துதான் பாக்கி. போடமாட்டேங்கிறாங்க. மாட்டேன்னு வாய் திறந்தும் சொல்றதில்லை. பேனாவை நீட்டினா கண்ணாடியைக் காணோம்பாங்க, கண்ணாடியை எடுத்துக் கொடுத்தா சாயந்தரம் பார்ப்போம்பாங்க. ஒரு நாள் ஃபாரத்தை வாங்கி, ‘இறந்தவர் பெயர்’னு இருந்த கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கிட்டு மத்த வரியெல்லாம் படிச்சாங்க. படிச்சிட்டு மடிச்சுத் தலையணைக்கு அடியில் வச்சுட்டாங்க. அது இன்னும் அங்கேதான் கிடக்கு.

மதினி அவங்க அம்மா வீட்டுக்குத் தேனிக்குப் போயிட்டாங்க. பையனை அங்கேயே ஏழாம் வகுப்பில் சேர்த்தாச்சு. “கிழவிக்குப் பங்கு வேணுமாம்”னு அந்தப் பக்கம் பேச்சு. “என் மகன் போன அன்னைக்கே காசு கேட்டவ”ன்னு இந்தப் பக்கம். நடுவுல நான். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் கிடையாது.

தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஆன்லைன் குழு ஒண்ணுல அம்மாவைச் சேர்த்துவிட்டேன். நடத்தினவரு ‘வாழ்வியல் பயிற்சியாளர்’. முதல் நாளே இருபது பேர் பார்க்க, “கண்ணை மூடுங்கம்மா, மருமகளை மன்னிச்சிட்டேன்னு மூணு தடவை சொல்லுங்க”ன்னாரு. அம்மா போனை என் கையில் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அடுத்த மாசம் ‘அட்வான்ஸ் வகுப்பு’க்குப் பணம் கட்டச் சொல்லி எனக்கு மெசேஜ்.

அதனால கேக்குறேன். படிச்ச ஆள் யாராவது நேரில் உட்கார்ந்து நடத்துற துக்கக் குழு தமிழில் இருக்கா? அம்மாவையும் மதினியையும் ஒரே குழுவில் உட்கார வச்சா சரியாகுமா?

மாசி_வீதி_மாமா

தம்பி, வருஷம் திரும்பட்டும், எல்லாம் சரியாப் போயிடும். குலதெய்வம் கோயிலுக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. நம்ம ஊர்ல குழுவாவது ஒண்ணாவது! பதினாறு நாளும் வாசல்ல பந்தல் போட்டு, வந்தவங்க எல்லாம் கட்டிப்பிடிச்சு அழுதோமே, அதை விடவா?

வைகைக்கரை

மாமா சொல்ற அந்தப் பதினாறு நாள் நல்ல ஏற்பாடுதான், மறுக்கல. ஆனா பதினேழாம் நாள் பந்தலைப் பிரிச்சதும் எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போயிடுறாங்க. அதுக்கப்புறம் அழுதா “இன்னுமா?”ன்னு கேக்குறாங்க. இந்தத் தம்பி கேக்குறது அந்த “இன்னுமா”வுக்கு அப்புறம் எங்கே போறதுன்னு.

நான் மதுரைக்காரி, மனநலச் சமூகப் பணியில் இருக்கேன். உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாம். ரெண்டு பேரையும் ஒரே துக்கக் குழுவில் உட்கார வைக்காதீங்க. நல்ல குழுவா இருந்தா அவங்களே சேர்க்கமாட்டாங்க. குழுங்கிறது முன்னப் பின்ன தெரியாத ஆட்கள் நடுவுல பயமில்லாமப் பேசுற இடம். எதிர்ல மருமகள் இருந்தா அம்மா வாயே திறக்கமாட்டாங்க, இல்லைன்னா வழக்காடுவாங்க. ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுப் பேசுறதுக்குக் குடும்ப சிகிச்சைன்னு வேற ஒண்ணு இருக்கு. அதுல ஒரு சிகிச்சையாளர், உங்க குடும்பம் மட்டும். இப்போதைக்கு அம்மாவுக்கு ஒரு இடம், மதினிக்கு வேற இடம். சேர்ந்து பேசுறது பிறகு, ரெண்டு பேரும் சரின்னு சொன்னா.

எங்கே தேடுறதுங்கிறதுதான் சிக்கல். ‘துக்கக் குழு’ன்னு பலகை மாட்டின இடம் நம்ம பக்கம் அபூர்வம். வேற வாசல் வழியாத்தான் நுழையணும். முதல்ல 14416. டெலி மனாஸ்ங்கிற அரசு மனநல உதவி போன் எண், 2022 அக்டோபரில் வந்தது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ன்னு பேரு. காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். அது குழு இல்லை, ஆனா உங்க மாவட்டத்தில் யாரைப் பார்க்கணும்னு கேக்கலாம். ரெண்டாவது, மாவட்ட மனநலத் திட்டம். திண்டுக்கல், தேனி ரெண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, மனநலப் பிரிவில் போய்க் கேளுங்க. மதினி தேனியிலேயே பார்த்துக்கலாம். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-லிருந்து இயங்குது. தற்கொலையில் சொந்தத்தை இழந்தவங்களுக்காக ‘ஸ்பீக்’ங்கிற முயற்சி அங்கேதான் ஆரம்பிச்சது. உங்க அண்ணன் விஷயம் அது இல்லை, படிக்கிற வேற யாருக்காவது உதவும்னு எழுதுறேன். சென்னையில் 1986-லிருந்து ஸ்நேகாங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கு, அதே இழப்புக்கு அங்கேயும் கேக்கலாம். புற்றுநோய் ஆஸ்பத்திரிகள், வலி தணிப்புச் சிகிச்சை மையங்கள் சிலதுல இறந்தவங்க குடும்பத்துக்குக் கூட்டம் நடத்துவாங்க. வெளியாட்களையும் சேர்ப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, கேக்குறதுல நஷ்டமில்லை.

போன் பண்ணினா “குழு இருக்கா”ன்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க. யார் நடத்துறாங்க, என்ன படிச்சவங்கன்னு கேளுங்க. ‘கவுன்சலர்’னு இன்னைக்கு யார் யாரோ பேருக்குப் பின்னாடி போட்டுக்கிறாங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும். கேட்டா சொல்லணும், முகம் சுளிச்சா அதுவே பதில். சேர்க்கிறதுக்கு முன்னாடி தனியா ஒரு தடவை உட்கார வச்சுப் பேசுவாங்களான்னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம். அம்மாவுக்குக் குழு ஒத்துவருமா, முதல்ல தனி சிகிச்சை வேணுமான்னு அங்கேதான் தெரியும். முதல் நாளே மன்னிக்கச் சொன்ன ஆள் இந்தப் படியைத் தாண்டிக் குதிச்சிருக்காரு.

அப்புறம் மூடின குழுவா, திறந்த குழுவா? மூடினதுன்னா ஆறிலிருந்து பத்துப் பேர், வாரம் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம், ரெண்டு மூணு மாசம், நடுவுல புது ஆள் கிடையாது. திறந்ததுன்னா எப்ப வேணாலும் போகலாம், வரலாம். உங்க அம்மா மாதிரி வாய் திறக்க நாளாகிறவங்களுக்கு மூடினதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ரகசியம் பத்தியும் கேளுங்க. நடத்துறவரை 2017 மனநலச் சட்டம் கட்டும், கூட உட்கார்ந்தவங்களை அவங்க கொடுத்த வாக்கு மட்டும்தான் கட்டும். சின்ன ஊர்ல இதை லேசா எடுத்துக்காதீங்க. குழுவுக்கு மட்டும் திண்டுக்கல்லை விட மதுரைக்குப் போறது நல்லதுன்னு எனக்குப் படறது இதனாலதான்.

இன்னொண்ணு. ஆறு மாசத்துக்கு மேலயும் ஏக்கம் கொஞ்சமும் குறையாம அன்றாட வேலையையே முடக்கிப்போட்டா, அதை நீடித்த துக்கக் கோளாறுன்னு உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டில் பெரியவங்களுக்கு அது ஒரு வருஷம். உங்க அம்மாவுக்கு அதுன்னு இங்கே உட்கார்ந்து நான் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. நேரில் பார்க்கிறவர் சொல்லட்டும்.

மாடிவீட்டு_டீச்சர்

தம்பி, நான் சென்னை. ரிட்டயர்ட் டீச்சர். என் வீட்டுக்காரர் கேன்சரில் போனார். அவருக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா குழு நடத்தினாங்க. உள்ளே எப்படி இருக்கும்னு தெரிஞ்சா உங்க அம்மாகிட்டச் சொல்ல வசதியா இருக்குமேன்னு எழுதுறேன்.

வட்டமா நாற்காலி. மேசை கிடையாது. முதல் நாள் மூணே விதி சொன்னாங்க: யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது, பேசப் பிடிக்கலைன்னா சும்மா இருக்கலாம், ஒருத்தர் அழுதா பக்கத்தில் இருக்கிறவங்க டிஷ்யூவை எடுத்து நீட்டக்கூடாது. மூணாவது எனக்குக் கல்நெஞ்சாத் தெரிஞ்சது. நீட்டினா ‘துடைச்சுக்கோ, போதும்’னு அர்த்தமாயிடுமாம். வேணும்கிறவங்க எழுந்து போய் எடுத்துக்கலாம். முப்பது வருஷம் கிளாஸில் “அழாதே, கண்ணைத் துடை”ன்னு சொன்னவ நான், கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது சுலபமா இல்லை.

குழுவில் ஒரு பாட்டி, மகனை இழந்தவங்க. அவங்களுக்கும் இந்தக் காகிதச் சண்டைதான். ரேஷன் கார்டில் மகன் பேரை எடுக்க விடமாட்டேன்னு மருமகளோட மல்லுக்கு நின்னிருக்காங்க. “பேரை வெட்டிட்டா, நானும் சேர்ந்து அவனைக் கொன்ன மாதிரி ஆயிடாதா”ன்னு கேட்டாங்க. நான் மருமகள் கட்சி. என் மாமியாரும் அவர் சட்டையைத் துவைக்கவே விடாம வச்சிருந்தாங்க, எனக்கு எரிச்சல்னா எரிச்சல். என் மாமியார் வாயால இதைச் சொல்லியிருந்தா ‘நடிக்கிறாங்க’ன்னு எழுந்து போயிருப்பேன். யாரோ ஒரு பாட்டி சொன்னதால கேட்டேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய் ஒண்ணும் பேசலை, அந்தச் சட்டையை எடுத்த இடத்திலேயே வச்சேன், அவ்வளவுதான். வைகைக்கரை ‘தனித்தனியா’ன்னு சொல்றது சரின்னு எனக்குப் படறது இதனாலதான்.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. குடிக்கிறவங்க குடும்பத்துக்கு அல்-அனான் இருக்கு, தமிழிலும் கூட்டம் உண்டு, காசு கிடையாது. ஆனா அங்கே சிகிச்சையாளர் கிடையாது, ஒருத்தர் அனுபவத்தை ஒருத்தர் கேக்குறதுதான் முறை. அது தப்பில்லை, வேற வகை. அடையாறு டி.டி.கே. மருத்துவமனை மாதிரி இடத்தில் குடி நோயாளியோட குடும்பத்துக்குன்னே ஆலோசகர்கள் தனியா நிகழ்ச்சி நடத்துறாங்க. உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வகை.

கோர்ட்_வாசல்

கையெழுத்து விஷயத்தில் மட்டும் ரெண்டு வரி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், தாய் மூணு பேரும் முதல் வகுப்பு வாரிசு, சம பங்கு. அம்மா கேட்டாலும் கேக்காட்டியும் மூணில் ஒண்ணு அவங்களுது. அதனால ‘கிழவி பங்கு கேக்குது’ங்கிறதே அர்த்தமில்லாத சண்டை. பணத்தை வாங்கக் கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுறது வேற, பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தர்றது வேற. பேங்க் நீட்டின காகிதம் எதுன்னு முதல்ல பாருங்க. விட்டுக்கொடுக்கிற காகிதத்தில் துக்கத்தில் இருக்கிற வயசானவங்களை அவசரப்படுத்தி வாங்கினா, நாளைக்கு அதுவே வழக்காகும். அம்மா தன் பங்கை வாங்கிப் பேரன் பேரில் டெபாசிட் போடணும்னாலும் போடலாம். யாரும் குறுக்கே நிக்க முடியாது.

பூட்டு_ஊர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. காகிதத்தைத் தலையணை அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அது கோரிக்கைப் படிவம்தான், விட்டுக்கொடுக்கிறது இல்லை. போட்டோ எடுத்துக்கிட்டு அங்கேயே வச்சுட்டேன். கோர்ட்_வாசல் சொன்னதை மதினியோட தம்பிகிட்டப் போனில் சொன்னேன். “அக்காகிட்டச் சொல்றேன்”னான். முன்னெல்லாம் போனையே எடுக்கமாட்டான்.

14416-க்கு ராத்திரி அடிச்சேன். பேசின பொண்ணு திண்டுக்கல் ஜி.ஹெச். மனநலப் பிரிவுக்கு முதல்ல போங்க, குழுவைப் பத்தி அங்கே கேளுங்கன்னுச்சு. டீச்சர் எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரேஷன் கார்டு வந்த இடத்தில் “எந்த ஊர் அந்தம்மா?”ன்னு கேட்டாங்க. சென்னைன்னேன். வேற ஒண்ணும் கேக்கல.

மனநலம்னு சொன்னா வரமாட்டாங்க. பி.பி. செக்கப்னு சொல்லித் திங்கக்கிழமை கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். சரியா?

வைகைக்கரை

வேண்டாம். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா டாக்டர் முன்னாடியே எழுந்து வந்துடுவாங்க, அடுத்த தடவை நிஜமான பி.பி.க்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. உங்களுக்குத்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூக்கம் இல்லையே, அதைச் சொல்லுங்க: “எனக்குத் தூக்கம் வரலைம்மா, டாக்டரைப் பார்க்கப் போறேன், கூட வாங்க.” உங்க பேரில் சீட்டுப் போடுங்க. அண்ணனை இழந்தவர் நீங்களும்தான், உங்களுக்கும் அந்தப் பேச்சு தேவைப்படும். அம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்தாலும் போதும், உள்ளே வரணும்னு கட்டாயமில்லை. திங்கக்கிழமை கூட்டம் அதிகம் இருக்கும், முடிஞ்சா செவ்வாயோ புதனோ சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிடுங்க.