பொத்தான்களில் எதை வெட்டுவது?

கேள்வி:
குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை வடிவமைக்கிறேன். மேல்பட்டையில் எழுத்துரு, நிறம், அச்சு, பகிர்வு, ஏற்றுமதி என்று ஒரே நெரிசல். பயன்பாட்டுக் கணக்கில் கடைசியில் நிற்பதையெல்லாம் தூக்கிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. ஏற்றுமதியை எப்போதோ ஒருமுறைதான் தொடுவார்கள். ஆனால் அன்றைக்கு அது இல்லையென்றால் செயலியையே விட்டுப் போய்விடுவார்கள். எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதோடு, இல்லாவிட்டால் யாருக்கு எந்த வேலை நின்றுபோகும் என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால் முதல் பலி நிறத்தட்டு.

பதில் 2:
மெனுவுக்குள் ஒளித்தால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆஃபீஸ் 2000 அதைத்தான் செய்தது: அதிகம் தொடாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொள்ளும். நேற்று பார்த்தது இன்று அங்கே இருக்காது. எரிச்சல்தான்! மறைப்பதானால் நிலையான ஓரிடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, நிறத்தட்டு போகிறது. அச்சு?

பதில் 1:
பகிர்வுக்குள் போடுங்கள். ஐபோனில் அது அங்கேதான் இருக்கிறது.